செவந்தி முயலும் பல் அரித்த மேஸ்திரியும்

ஓடைக்கரையில் செவந்தி என்றொரு முயல் இருந்தது. வயிற்றில் குட்டிகள். வளையின் கூரையோ ஒரே ஓட்டை! மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது.

காட்டில் பேர்போன மேஸ்திரியான தொந்தியப்பன் பெருச்சாளியைச் செவந்தி அழைத்தது. கூரையைச் சரிசெய்யப் பத்துக் கிழங்கு என்று பேச்சு. ஐந்தை அச்சாரமாகக் கொடுத்தது. மீதி, வேலை முடிந்த பிறகு.

மூன்றாம் நாள் தொந்தியப்பன் தலையைச் சொறிந்தது.

"தாயி, பின்சுவரைக் கரையான் அரிச்சிருக்கு. தனி வேலை. இன்னும் அஞ்சு கிழங்கு ஆகும்!"

"வாங்க, பார்த்திடலாம்!"

செவந்தி வயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைக் காலால் அழுத்தியது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"நிஜந்தான். ஆனா இந்த ஒரு மூலைதானே? மூணு தர்றேன். இனிமே எதுவானாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் பல்லை வைக்கணும்!"

"ஆகட்டும் தாயி!"

எங்கே கேட்டது! மறுநாள் பார்த்தால், பக்கச் சுவரைக் குடைந்து ஓடைப் பக்கம் திறந்தபடி ஒரு புது அறை!

"குட்டிங்க விளையாடலாம் தாயி! ஏழு கிழங்கு குடுங்க, போதும்!"

"யாரைக் கேட்டுத் தோண்டினீங்க? ஓடைத் தண்ணி உள்ளே வந்துடுமே!"

"என்ன பண்றது, பல்லு அரிச்சுது!"

"உங்க பல் அரிப்புக்கு நான் கிழங்கு தர முடியாது. மண்ணைப் போட்டு மூடுங்க!"

"அப்போ நான் கிளம்பறேன்! பாதிக் கூரையில நனைஞ்சுகிட்டுக் கிடங்க!"

அந்த நேரம் பார்த்து மேற்கே இடி இடித்தது. செவந்தி பாதிக் கூரையை அண்ணாந்து பார்த்தது. ஆனாலும் கத்தவில்லை, கெஞ்சவில்லை. அடேயப்பா, அந்த நிதானம் யாருக்கு வரும்! மூன்று கிழங்கை எடுத்துவந்து நீட்டியது.

"இது பின்சுவருக்கு. நான் ஒத்துக்கிட்டது, நீங்க உழைச்சது. எடுத்துக்குங்க. கூரைக்கு வச்ச அஞ்சு, கூரையை முடிக்கிறவங்களுக்கு. நீங்க போனா முள்ளம்பன்றி மேஸ்திரியைக் கூப்பிடுவேன்."

சண்டைக்குத் தயாராக நின்ற தொந்தியப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. புது அறையை மூடியது. மண்ணை மிதித்து இறுக்கியது. கூரையையும் முடித்து, ஐந்து கிழங்கை வாங்கிக்கொண்டது.

அன்று மாலையே கொட்டித் தீர்த்தது மழை. வளைக்குள் ஒரு சொட்டு இல்லை! மறுநாள் பிறந்த நான்கு குட்டிகளும் காய்ந்த புல்லில் சுகமாகத் தூங்கின.

அடுத்த வாரம் கீரி வீட்டில் வேலை. தொந்தியப்பன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தது.

"ஐயா, சுவருக்குள்ள ஒரு வேர் இருக்கு! வந்து பாருங்க, நீங்க சொன்னாத்தான் கடிப்பேன்!"

கூடுதல் வேலையைக் கண்ணால் பார்த்துப் பேசி முடித்த பிறகே தொடங்கவிட்டு, ஒப்புக்கொண்ட கூலியைக் குறையாமல் கொடுப்பவரை யாராலும் ஏமாற்ற முடியாது.