பாதி சுரண்டிய கம்பி

வையாபுரி மாஸ்டருக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. அரசுப் பள்ளி மைதானத்தில் முப்பது வருஷம் விசில் ஊதியவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார மாட்டாமல், சிங்காநல்லூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த கோகிலவாணியிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அவளுக்கு முப்பத்தாறு வயது. அவரோ அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் முதல் நாளே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, "குரு குருதானுங்களே அம்மிணி" என்று நீட்டினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

அதற்கு எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"பாப்பா இன்னைக்கு வருதுங்க."

பாப்பா என்றால் நித்திலா, அவருடைய ஒரே மகள். ஓசூரில் வேலை. ஐந்து வருஷமாக வீட்டுப் படி ஏறவில்லை. அவர் போன் செய்தால், "அம்மாகிட்டக் குடுங்க" என்பதோடு சரி.

"நல்ல சேதி. வீட்டுல இருக்காம இங்க எதுக்கு வந்தீங்க?"

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மகளிடம் சொல்ல வேண்டியவற்றை நம்பர் போட்டு எழுதியிருந்தார். மொத்தம் பதினாலு. முதலாவது, மன்னித்துவிடு. மற்ற பதின்மூன்றும் எந்த மைதானம், எந்தக் கோச், காலையில் என்ன சாப்பிடுவது என்று போயின. கடைசி வரி, இருபத்தாறெல்லாம் ஒரு வயதே இல்லை, மறுபடி ஆரம்பிக்கலாம்.

கோகிலவாணி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கிட்ட என்ன கேக்கணும்?"

"அஞ்சு வருஷமா மனசுல அதே ஒண்ணுதானுங்க. அன்னைக்கு ஓட்டத்துல அத்தனை தள்ளியும் பாப்பா எதுக்கு நின்னுச்சு?"

நடந்தது அவளுக்கும் தெரியும். மாநிலப் போட்டி, எண்ணூறு மீட்டர். கடைசி வளைவில் நித்திலா எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தாள். மாஸ்டர் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடினார். "இன்னும்! இன்னும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார், விசில் ஊதினார். அவள் நின்றாள். குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பா பக்கம் திரும்பாமல் நடந்து போய்விட்டாள். அதன் பிறகு அவள் ஓடவே இல்லை.

கோகிலவாணி கரண்டு கடத்தாத எனாமல் பூச்சுள்ள செம்புக் கம்பியில் ஒரு முழம் எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"பேனா மேல பத்துச் சுத்து சுத்துங்க. ரெண்டு முனையும் ரெண்டு பக்கம் நேரா நீட்டிட்டு இருக்கட்டும். ஒரு முனையில எனாமலை முழுசாச் சுரண்டுங்க. இன்னொண்ணுல, சுருளை நிமித்திப் புடிச்சு மேல் பாதி மட்டும், அடிப்பக்கம் எனாமல் அப்படியே இருக்கட்டும்."

மாஸ்டர் பிளேடை எடுத்தார். முதல் முனையைச் சுரண்டினார். இரண்டாவது முனையில் பாதி சுரண்டியதும் கை நிற்கவில்லை. மீதிப் பாதி அரைகுறையாகக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. செம்பு பளபளக்கும் வரை அதையும் சுரண்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். பேட்டரி செல்லின் இரு முனையிலும் முனைக்கொரு ஊக்கை நிறுத்தி, சுருளை ஊக்குத் துளைகளில் தொங்கவிட்டாள். அடியில் ஒரு காந்தம் வைத்தாள்.

சுருள் சடக்கென்று புரண்டது. முன்னும் பின்னும் ஆடியது. படுத்தவாக்கில் நின்றுவிட்டது.

மாஸ்டர் விரலால் தட்டினார். ஆடியது, நின்றது. மறுபடி தட்டினார்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். சுட்டது.

"கரண்டு போயிட்டுத்தான் இருக்கு. காந்தமும் வேலை செய்யுது. அப்பறம் எதுக்கு நின்னுச்சு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"சுருள் நிமிந்து நிக்கறப்ப, மேல் கம்பிய அந்தப் பக்கமாத் தள்ளுது, கீழ்க் கம்பிய இந்தப் பக்கமா. அதனால திரும்புது. படுத்துட்டா அதே தள்ளுதான், பலம் கொறையறதில்லை. ஆனா ரெண்டு பக்கமும் வெளிய இழுக்கும். சுத்தாது, கம்பிக்குத்தான் வலி. தப்பித் தவறி அதைத் தாண்டிப் போச்சுன்னு வைங்க, தள்ளுன பலமே பின்னால புடிச்சு இழுத்துரும்."

மாஸ்டர் பிளேடைக் கீழே வைத்தார்.

அவள் வேறு ஒரு சுருள் சுற்றினாள். ஒரு முனையை முழுதாகச் சுரண்டினாள். மற்றதில் மேல் பாதியோடு நிறுத்தினாள். ஊக்கில் ஏற்றி லேசாகத் தொட்டுவிட்டாள். கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

"இதுல பாதிச் சுத்துக்குக் கரண்டே போகாதே?"

"போகாது."

"அப்ப யாரு தள்றது?"

"யாருந் தள்றதில்லை. வந்த வேகத்துல அதுவாப் போகுது."

மாஸ்டர் விடவில்லை. "பெரிய மோட்டார்ல ரெண்டு பாதிக்கும் கரண்டு போகுதுங்களே?"

"போகும். ஆனா ஒவ்வொரு அரைச் சுத்துக்கும் கம்யூட்டேட்டர் அதைத் திருப்பி விட்டுரும். திருப்பற எடத்துல கரண்டு போகாத ஒரு வெட்டு இருக்கும். தெனமும் நீங்கதான அதுல தூசி எடுக்கறீங்க?"

எட்டு மாதமாக அந்த வெட்டைச் சுத்தம் செய்தவருக்கு அது எதற்கு இருக்கிறது என்று கேட்கத் தோன்றியதில்லை. கேட்காமல் விட்டோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

போன் அடித்தது.

"அப்பா, பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன்."

"அங்கயே நில்லு சாமி, நான் வண்டிய எடுத்துட்டு..."

"நானே வந்துக்கறேன்ப்பா."

போனை வைத்தார். அம்மாவைக் கேட்காமல் தன்னிடமே பேசியிருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. தாளைப் பிரித்தார். "இதுல எதை மொதல்ல சொல்லட்டும் அம்மிணி?"

அவள் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். வேகம் லேசாகக் குறைவதுபோல அவருக்குப் பட்டது. எப்போது நீட்டினோம் என்று தெரியாமலே விரலை நீட்டி ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

சுருள் ஊக்கிலிருந்து எகிறித் தரையில் விழுந்தது.

"நல்லாத்தான சுத்திட்டு இருந்துச்சு, மாஸ்டர்" என்றாள் கோகிலவாணி.