ஊற்றில் ஓர் ஓட்டை

"ஓட்டைக்கு யார் பொறுப்பு, டீச்சர்?"

வந்ததும் வராததுமாக ஹமீது இப்படித்தான் கேட்டார்.

மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் சின்னவர். ஆனால் 'ஊற்று' என்ற இயங்குதளத்தின் பெரும்பகுதி அவர் எழுதியது. ஆஸ்பத்திரி வென்டிலேட்டர்கள் அதை நம்பித்தான் ஓடின. அவரிடம் கற்றுக்கொள்ளவே ஹமீது பேங்க் வேலையை உதறிவிட்டு வந்திருந்தார்.

"என்ன ஓட்டை?"

எழுதியவர் பொறுப்பா, சரிபார்த்தவர் பொறுப்பா, விற்ற கம்பெனியா, சோதித்துப் பார்க்காமல் வாங்கிய ஆஸ்பத்திரியா, உள்ளே நுழையப்போகிற திருடனா என்று ஹமீது சுற்றி வளைத்தார்.

விஷயம் இதுதான். ஊற்றின் நிரலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர் இருக்கும். ஓட்டை இருந்த வரிக்குப் பக்கத்தில் இருந்தது மங்கையர்க்கரசியின் பெயர். பழியை வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று தேடியே மனிதருக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது, பாவம்.

"காட்டுங்க."

ஹமீது திரையில் காட்டினார். மங்கையர்க்கரசி வரியைப் படித்தார். பெயரையும் படித்தார்.

"நான் எழுதினதுதான். தப்புதான். இது வழியா எப்படி உள்ள வரலாம்?"

ஹமீது விளக்கினார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்ட மங்கையர்க்கரசி, கடைசியில் நன்றியாகக் கைகூப்பினார்.

காணாமல்போன ஒரு ஃபைலுக்காக அடுத்த மேஜையைக் கைகாட்டிய அதிகாரிகளோடு பாதி ஆயுளைக் கழித்தவர் ஹமீது. இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததே இல்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான், டீச்சர்."

"எப்பலேருந்து?"

"போன வெள்ளிக்கிழமை."

"அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பு என்னோடது."

அவ்வளவுதான் சொன்னார். கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியை விட்டு எழுந்து, தள்ளி நின்றார்.

எங்கெங்கோ கட்டில்களில் முகம் தெரியாத மனிதர்கள் படுத்திருந்தார்கள். எல்லோருடைய மூச்சும் இந்தச் சின்ன அறை வழியாகப் போய் வருவதுபோல் இருந்தது. இத்தனை நாள் அது ஹமீதுக்குத் தோன்றவே இல்லை.

மெல்ல உட்கார்ந்தார்.

"இந்த ஒரு வாரத்துல எத்தனை பேர் இதை நம்பி மூச்சு விட்டிருப்பாங்க, டீச்சர்?"

"முதல்ல அடைங்க. அப்புறம் எண்ணலாம்."