சுடரியின் பங்கு

கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த பாதாளக் கோட்டை ஒன்று முன்பு இருந்தது. அதற்குள் இரண்டு மரப் பொம்மைகள் சேர்ந்து கிளம்பின. ஒருவன் வாள் பிடித்த கொற்றன். இன்னொருத்தி விளக்குப் பிடித்த சுடரி. இடுப்பில் ஒரு சின்னக் கத்தியும் செருகியிருந்தாள்.

ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் தராசு என்றொருத்தி காத்திருப்பாள். வருகிறவர்களை ஒரே தட்டில் ஏற்றி எடைபோட்டு, அந்த எடைக்கு ஈடான மிருகத்தை உள்ளே அவிழ்த்துவிடுவாள். மிருகம் விழுந்ததும் அனுபவம் என்ற பெரியவர் மூட்டையோடு வருவார். அறைக்குள் நின்று சண்டை போட்டவர்களுக்கு மட்டும் புள்ளிகளைச் சமமாகப் பிரித்துக் கொடுப்பார். புள்ளி சேரச் சேர, பொம்மையின் மரம் வைரம் பாய்ந்து இறுகும், கனமும் கூடும்.

முதல் அறையில் ஒரு பெருச்சாளி. இருவரும் சேர்ந்து அடித்தார்கள். புள்ளிகள் பாதி பாதியாகப் பிரிந்தன. கொற்றன் தன் பாதியைப் பார்த்தான். சுடரியின் பாதியையும் பார்த்தான். அவள் ஒரே ஒரு குத்துதான் குத்தியிருந்தாள். அதுவும் வாலில்.

அடுத்த வாசலில் அவன் சொன்னான். "நீ இங்கேயே நில்லு சுடரி. உள்ள என்ன இருக்கோ. நான் முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்."

"எனக்கு அடிபடும்னு பயமா?"

"பின்னே? உனக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு விளக்குப் பிடிக்கிறது?"

அவள் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டாள். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் உள்ளே ஓநாய் விழுந்து, புள்ளிகள் முழுசாகத் தன்மேல் கொட்டியபோது இருந்த சுகத்தை அவன் அவளிடம் சொல்லவில்லை.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருமுறை மட்டும், உள்ளே எலும்புக்கூடு என்று தராசு சொன்னபோது, அவள் கேட்டாள்: "இந்தத் தடவை நானும் வரட்டுமா? ஓரமா நின்னு ஒரே ஒரு குத்து."

"ஒரு எலும்புக்கூட்டுக்கு ரெண்டு பேரா? அதுவே பல்லைக் காட்டிச் சிரிக்கும்."

கடைசி அறை வந்தது. இருவரும் ஏறியதும் தட்டு 'தொம்' என்று தரையில் இறங்கியது.

"தராசக்கா, இதுல நான் எவ்வளவு?" என்று கேட்டாள் சுடரி.

"நீ ஏறினதே தெரியலடி. எல்லாம் இவன் கனம்."

"அப்போ உள்ள வரப்போறது?"

"இவன் கனத்துக்குத்தான் வரும். ஆளுக்கு ஒண்ணா அவிழ்த்துவிட முடியுமா?"

கொற்றனுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் இங்கேயே நிக்கிறேன், போய்ட்டு வா," என்றாள் சுடரி, அவன் சொல்வதற்கு முன்பே.

உள்ளே டிராகன் படுத்திருந்தது. தலையைத் தூக்கி ஒரே ஒரு மூச்சு விட்டது. அந்த நெருப்பு கொற்றனின் மார்பில் கரி பூசியதோடு சரி. மிச்சம் அவனைத் தாண்டி வாசல்வரை போயிற்று.

வாசலிலிருந்து ஒரு 'ஆ' கூட வரவில்லை. பச்சை மரம் பற்றுகிற சடசடப்பு மட்டும் கேட்டது.

டிராகனை வெட்டிச் சாய்த்துவிட்டு ஓடிவந்தான். சாம்பலுக்கு நடுவில் அவளுடைய கத்தி கிடந்தது. கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது போல, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

அனுபவம் மூட்டையோடு வந்தார். இதுவரை கொண்டுவந்ததிலேயே பெரிய மூட்டை.

"பாதி அவளுக்குக் குடுங்க," என்றான் கொற்றன்.

"வாங்கிக்க ஆள் வேணுமேப்பா."

"அப்போ எனக்கும் வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்ல இது பரிசு இல்ல. நடந்தது உனக்குத்தானே நடந்துச்சு?" என்று மூட்டையை அவிழ்த்தார்.

கொற்றன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்வரைக்கும் நகர்ந்து போனான். அப்படியும் அவன் தோளிலும் மார்பிலும் வைரம் பாய்ந்துகொண்டேயிருந்தது.