புன்னை கொண்டான்

மணிநாட்டு அரசன் விடங்கமாறனுக்கு ஊர்களைப் பிடிக்கத் தெரியும். பிடித்த ஊரை என்ன செய்வது என்றுதான் தெரியாது. அதற்குச் சேனாபதி மல்லையன் இருந்தான். சனங்களை விரட்டு, ஊரை இடி, கழுதை பூட்டி உழு, ஆமணக்கு விதை. எந்த ஊரானாலும் அவனிடம் இந்த ஒரே வைத்தியம்தான்.

புன்னைக்குடி மட்டும் லேசில் மசியவில்லை. மழைக்காலம் முழுக்க முற்றுகை கிடந்தும் கோட்டைக் கதவு அசையவில்லை. படைவீரர்களுக்குக் காலில் சேற்றுப்புண். அரசனுக்குத் தீராத ஜலதோஷம். கடைசியில் அவையில் பேச்சுக்குப் பேர்போன காரிநம்பியைத் தூது அனுப்பினார்கள்.

ஊர்த்தலைவி பொன்னாச்சி மதில்மேல் வந்து நின்றாள்.

"திறந்தால் எங்களை என்ன செய்வீர்கள்?"

"அவரவர் வீட்டில் அவரவர் இருக்கலாம். இது அரசர் வாக்கு."

"உங்கள் அரசரை எனக்குத் தெரியாது. உங்களை நம்பித்தான் திறக்கிறேன்."

கதவு திறந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து இரண்டு தும்மல் தும்மியதும் அரசனுக்குப் பட்டபாடெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"மல்லையா, ஒரு குடிகூட இங்கே இருக்கக் கூடாது. விடிந்ததும் எல்லோரையும் எல்லைக்கு அந்தப் பக்கம் துரத்து. பிறகு ஊரை உழு."

நம்பி முன்னால் வந்தான். "மகாராஜா, வாக்குக் கொடுத்திருக்கிறோம்."

"கொடுத்தது நீ. வேண்டுமானால் நீ காப்பாற்று. அதற்குமுன் ஒரு வேலை. வாசற்பாறையில் என் வெற்றிப் பட்டத்தை வெட்டச் சொல். 'புன்னைக்குடி கொண்டான் விடங்கமாறன்.' நாளைக்கு நட்பு அரசர்கள் வருகிறார்கள். பார்க்கட்டும்."

நம்பிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினார்கள். பொன்னாச்சி நம்பியைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றாள். "நன்றாக இருங்கள்" என்றாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அவள் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நம்பி நேரே கல்தச்சனிடம் போனான். எழுத்தை எப்படி வெட்ட வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று சொன்னான்.

வெயில் ஏறியதும் நட்பு அரசர்கள் பரிவாரத்தோடு வந்து இறங்கினார்கள். விடங்கமாறன் அவர்களைப் பாறைமுன் கூட்டிவந்து நிறுத்தினான். தான் படிக்காமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓர் அரசர் வாய்விட்டுப் படித்தார்.

"புன்னை கொண்டான் விடங்கமாறன்."

படித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். ஆள் இல்லை, அரவம் இல்லை. கோட்டை வாசலில் ஒரு புன்னை மரம் மட்டும் நின்றது.

"இந்த மரத்தையா பிடித்தீர்கள்?"

"மழைக்காலம் முழுக்கவா?" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் மரியாதை தெரிந்தவர். அடிமரத்தைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்தான்" என்றார்.

விடங்கமாறன் திரும்பிப் பாறையைப் பார்த்தான். அவன் முகம் கறுத்தது. கை உடைவாள்மேல் போனது. நம்பி கைகட்டி நின்றான்.

"நம்பி, நான் சொன்னது புன்னைக்குடி. குடி எங்கே?"

"தாங்கள்தான் ஒரு குடிகூட இருக்கக் கூடாது என்றீர்கள், மகாராஜா. சேனாபதி விரட்டிக்கொண்டு போயிருக்கிறார். இன்னும் எல்லையைத் தாண்டியிருக்காது. கூப்பிட்டால் வந்துவிடும்."

அரசன் பாறையைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். முதலில் தும்மல்தான் வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. சிரித்து முடித்துக் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குப் போட்டான். குதிரைவீரனைக் கூப்பிட்டு, "ஓடு. ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பி வரவேண்டும்" என்றான்.

பொழுது சாய்வதற்குள் புன்னைக்குடியார் வீடு வந்து சேர்ந்தார்கள். காலையில் அவர்களை விரட்டிக்கொண்டு போன மல்லையன், கிழவிகளின் மூட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டு கடைசியாக வந்தான். அதுவும் அரசாணைதான்.