கட்டிலுக்கு அடியில் இருந்த பூனை

குளத்துக்குப் பக்கத்துக் காட்டில், ஒரு காரைப் புதருக்குள் செவலை என்ற நாய் குட்டி போட்டது. புதருக்குப் பத்தடி தள்ளி ஒரு புற்று. அதில் ஒரு நாகம் குடியிருந்தது.

அந்தக் காட்டுக் கீரிக்கு எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நிம்மதி. அது வந்து குட்டிகளை இரண்டு தரம் எண்ணியது. ஆறு.

“தங்கச்சி, புற்று வாசலில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். இந்த ஆறும் ஆறாகவே இருக்கும்” என்றது.

செவலை படுத்தபடியே வாலை ஆட்டியது.

அப்போது பூனை வந்து சேர்ந்தது. ஊருக்குள் ஒரு வீட்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்த பூனை அது. அதனால் காட்டில் அதன் பேச்சுக்குத் தனி மதிப்பு. அந்த வீட்டு மருமகள் பிள்ளை பெற்றபோது தான் கூடவே இருந்ததாகச் சொன்னது. பிள்ளை பெற்றவளுக்குப் பன்னிரண்டு நாள் பத்தியமாம். பச்சைத் தண்ணீர் பட்டால் தாய்க்குச் சன்னி, பிள்ளைக்குச் சளியாம். காய்ந்த பண்டம் கொஞ்சம் தின்றால் போதுமாம்.

கீரிக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சம். தலையை ஆட்டி வைத்தது. பன்னிரண்டு என்ற எண்ணை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டது.

அன்று காகம் ஒரு காய்ந்த தோசைத் துண்டைக் கொண்டுவந்து போட்டது. செவலைக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

“அண்ணே, நூற்றிருபது எட்டு வைத்தால் குளம். ஒரு வாய் குடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்.”

“இன்னும் பதினொரு நாள் பொறுத்துக்கொள். மீறிப் போனால் நான் காவலை விட்டுவிட்டுப் போய்விடுவேன். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.”

செவலை புற்றைப் பார்த்தது. குட்டிகளைப் பார்த்தது. மறுபடியும் படுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் விடியலில் அது காரை இலைகளில் இருந்த மாசிப் பனியை நக்கியது. குட்டிகள் மடியை முட்டி முட்டிக் கத்தின. கீரி எண்ணியது. ஆறு.

மூன்றாம் நாள் ஐந்து. எல்லாவற்றிலும் சின்னது விறைத்துக் கிடந்தது.

“பனியை நக்கியிருப்பாள். பத்தியம் முறிந்துவிட்டது” என்றது பூனை.

அதைக் கேட்ட கீரி, நாலாம் நாள் விடியுமுன் புதரைச் சுற்றி வந்து இலை இலையாகப் பனியை உதறிக் கொட்டியது. ஒன்றையும் விடவில்லை. பிறகு குட்டிகளை எண்ணியது. மூன்று. அவற்றில் ஒன்றுக்கும் கத்தத் தெம்பில்லை.

கீரி நேரே பூனையிடம் போனது.

“அந்த வீட்டில் தண்ணீர் கொடுக்கவில்லை, சரி. வேறு என்ன கொடுத்தார்கள்?”

“நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். பேசியது கேட்டது. கொடுத்ததைப் பார்க்கவில்லை.”

“ஒன்றுமே தெரியாதா?”

“பூண்டு வாசனை வரும். சுடுகஞ்சி ஆற்றும் சத்தம் கேட்கும். தினம் இரண்டு வேளை எனக்கு மீன் முள் விழும்.”

“முள் உனக்கு விழுந்ததென்றால், மீன் யார் வயிற்றுக்குப் போனது?”

பூனை முன்னங்காலை நக்க ஆரம்பித்தது.

கீரி ஓடி வந்தது. “தங்கச்சி, எழுந்து குளத்துக்குப் போ! நான் இங்கேயே இருக்கிறேன்” என்றது. செவலையால் எழ முடியவில்லை. கீரி குளத்தில் முங்கி, நனைந்த உடம்போடு ஓடி வந்து அதன் வாயருகே நின்றது. செவலை அந்த மயிரை நக்கிக் குடித்தது. கீரி மறுபடி ஓடியது. கொக்கிடம் கெஞ்சி நாலு கெண்டைக் குஞ்சுகள் வாங்கி வந்தது. பொழுது சாய்வதற்குள் முப்பத்தொரு நடை.

செவலை பிழைத்துக்கொண்டது. குட்டிகளில் இரண்டுதான் மிஞ்சின.

எட்டாம் நாள் செவலை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய் எங்கோ விட்டுவிட்டு, அடுத்ததை எடுக்க வந்தது. கீரி வழியில் நின்றது.

“பாம்பு வரவே இல்லை, அண்ணே. நீ சொன்னபடி பார்த்துக்கொண்டாய்” என்றது செவலை. குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

கீரி அன்று மாலையும் புதருக்குள் எட்டிப் பார்த்தது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

குட்டியைக் காக்க வந்தவர்கள் முதலில் தாயின் பசியையும் தாகத்தையும் அவள் வாயாலேயே கேட்டறிய வேண்டும். அரைகுறையாய்க் கேட்ட பத்தியம் பாம்பைவிடக் கொடியது.