தர்மகர்த்தாவின் கீட்டோ

கிருஷ்ணன் கோயில் தர்மகர்த்தா வேங்கடவரதனுக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. டாக்டர் அவரைக் கீட்டோ உணவுக்கு மாற்றினார். சோறும் இனிப்பும் கூடாது. கீரை, பனீர், வெண்ணெய், நெய் சாப்பிடலாம். இரண்டு மாதமாகியும் சர்க்கரை இறங்கவில்லை.

தர்மகர்த்தா டாக்டரை வீட்டுக்கே வரவழைத்து, சமையல்காரி அலமேலுவைக் காட்டினார். "எல்லாம் இவ சமையலால வந்தது. ஒரு வாரத்துல குறையலைன்னா இவ வேற வீடு பார்த்துக்கட்டும்."

"சரிங்கய்யா. உங்களுக்கு நல்லபடியா குறையணும்னு, இந்த ஒரு வாரமும் கோயில்ல காலை நைவேத்தியம் என் உபயமா இருக்கட்டும்" என்றாள் அலமேலு. உபயத்தை வேண்டாமென்று சொல்லத் தர்மகர்த்தாவுக்கு வாய் வரவில்லை.

எட்டாம் நாள் டாக்டர் வந்து பார்த்தால் சர்க்கரை பாதியாக இறங்கியிருந்தது.

"மிரட்டினதும் சமையல் திருந்திடுச்சு பாருங்க" என்றார் தர்மகர்த்தா.

"அப்படி என்னம்மா மாத்தினீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சமையல்ல ஒண்ணும் மாத்தலைங்க. கோயில்ல தினமும் சக்கரைப் பொங்கல், முதல் தொன்னை ஐயாவுக்கு. இந்த வாரம் நான் வெறும் வெண்ணெய்தான் படைச்சேன்."

தர்மகர்த்தா முறைத்தார். "பிரசாதம் எப்படி சாப்பாட்டுல சேரும்?"

"சேராதுங்கய்யா. அதனாலதான் உங்க பத்தியத்துல நான் கை வைக்கலை. சாமியைத்தான் ஒரு வாரம் பத்தியம் இருக்கச் சொன்னேன்."