வடகரைக்காரரின் மனு

வடகரையில் கால்பந்து மைதானத்தை ஒட்டி ஒரு சின்ன மடம் உண்டு. மதிலைத் தாண்டி விழுகிற பந்தை எடுத்துக் கொடுக்கவே அங்கே ஒரு குரு இருக்கிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். குருவுக்கு வயது நாற்பதுதான். சீடர் அருமைநாயகத்துக்கு ஐம்பத்தாறு. லேத் பட்டறைக்காரர், வடகரை அணி ரசிகர் மன்றத்தின் தலைவரும் அவரே.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அருமைநாயகம் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"என்ன அது?" என்றார் குரு.

"மனு சாமி. கோச் தேவசகாயத்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி. நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து. இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் குடுத்தா, பஸ் கிளம்பறதுக்குள்ள முடிவு சொல்றேன்னு கிளப் செயலாளர் சொல்லியிருக்கார்."

"தோத்துக்கிட்டே இருக்காரா?"

"அதுதான் சாமி கொடுமை. ஜெயிச்சுக்கிட்டே இருக்கான். ஒண்ணு-சைபர், ஒண்ணு-சைபர். ஒரு கோல் போட்டா போதும், பதினோரு பேரையும் பின்னாடி இழுத்துடுவான். எங்க கோல்கீப்பர் கால்ல படற பந்து ஃபார்வர்டு கால்ல படறதில்ல."

அருமைநாயகம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் தென்கரைன்னு ஒரு அணி இருக்கு. போன வாரம் நாலுக்கு மூணுன்னு தோத்தாங்க. என் சகலை கலியபெருமாள் அங்க ரசிகன். தோத்துட்டு நேரா என் வீட்டுக்கு வர்றான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு, பேச்சே வரல. கையால ஆட்டிக் காட்டறான், ஒவ்வொரு கோலையும். என் பொண்டாட்டி, பிள்ளைங்க எல்லாம் அவன் கையையே பாக்குது. நான் அன்னைக்கு ஜெயிச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன் சாமி. ஒருத்தர் என்னைக் கேக்கல."

"கோபமா?"

"கோபம்னுதான் நெனச்சேன். இல்ல. அந்தத் தொண்டைக்கட்டைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

அருமைநாயகம் தாளை நாலாக மடித்தார். "நீங்களே சொல்லுங்க. பயந்தவன் கையில ஒரு அணியைக் குடுக்கலாமா?"

"எனக்கும் ஒரு டிக்கெட் எடுங்க" என்றார் குரு.

அன்றைக்கு ஆட்டமே வடகரைக்கும் தென்கரைக்கும்தான். நாலு மணி வெயிலில் மன்றத்துக்காரர்கள் மேற்கு கேலரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குருவுக்கு அருமைநாயகத்தின் பக்கத்தில் இடம். எதிர் கேலரியில் தென்கரைக்காரர்கள் தவிலும் தாளமுமாக வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது.

இருபதாவது நிமிஷம். கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி வடகரை கோல் போட்டது. மேற்கு கேலரி ஒரு தரம் எழுந்து கத்திவிட்டு உட்கார்ந்தது.

அதோடு சரி. வடகரைப் பையன்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். பந்து பின்னால், இன்னும் பின்னால், கோல்கீப்பரிடம். தேவசகாயம் கோட்டருகே நின்று இரண்டு கையையும் தரையைப் பார்த்து அமுக்கினார். பொறு, பொறு.

எதிர் கேலரியில் தவில் நிற்கவில்லை. ஒரு கோல் பின்னால் இருக்கிறவர்கள், தேரிழுக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டம் இந்தப் பக்கம் நடக்குது அருமைநாயகம்" என்றார் குரு. "நீங்க அங்கயே பார்த்துக்கிட்டிருக்கீங்க."

"என் சகலை தெரியறான் சாமி. மஞ்சத் துண்டு. குதிக்கிறான் பாருங்க. அறுபது கிட்ட ஆகுது, முட்டி வலின்னு சொல்ற ஆளு."

அறுபதாவது நிமிஷம் தேவசகாயம் தன் ஃபார்வர்டு ஆட்டக்காரரை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். உள்ளே போனது ஒரு டிஃபண்டர். அருமைநாயகத்துக்குக் கண் சிவந்துவிட்டது. மனுவைப் பிரித்து, 'பயந்து பயந்து ஆடவைத்தது' என்ற வரியின் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டார்.

"நீயெல்லாம் மீன் வாங்கப் போனாக்கூட முள்ளை எண்ணிட்டுத்தான்யா வாங்குவ!" என்று மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். கேலரி சிரித்தது.

எழுபத்தைந்தாவது நிமிஷம் குரு எழுந்தார்.

"வாங்க. அந்தப் பக்கம் போய் உக்காரலாம். சந்தோஷம் அங்கதான இருக்கு."

அருமைநாயகம் பதறிப்போய்க் குருவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். "உக்காருங்க சாமி! யாரும் நகரக் கூடாது!"

"ஏன்?"

"மன்றத்துப் பழக்கம். கோல் விழுந்ததும் எப்படி உக்காந்தோமோ, கடைசி விசில் வரைக்கும் அப்படியே இருக்கணும்."

குரு அப்போதுதான் வரிசையைப் பார்த்தார். ஒருவர் கையில் டீ ஆறி ஏடு கட்டியிருந்தது, குடிக்கவில்லை. ஒரு அம்மா தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசியில் இருந்த போஸ்ட்மேன் ஒரு செருப்பு மட்டும் போட்டிருந்தார். இன்னொரு செருப்பு இரண்டு படி கீழே விழுந்து கிடந்தது.

"நகர்ந்தா என்ன ஆகும்?"

"போன வருஷம் இந்த மாசிலாமணி ஒண்ணுக்குப் போனான். திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு கோல். அந்தக் கப்பே போச்சு."

"இன்னும் அதையே சொல்லுங்கண்ணே" என்றார் டீ வைத்திருந்தவர், கை அசையாமல்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கே அருமைநாயகம்."

"ஒரு கோல்தான சாமி முன்னால இருக்கோம். ரெண்டு இருந்தா நானே உங்களைக் கூட்டிட்டுப் போவேன். இப்பப் போய் யாராவது..."

குரு வேட்டியை மெதுவாக விடுவித்துக்கொண்டார். படியிறங்கி, வேலியோரமாக நடந்தார்.

"யோவ், சாமியைப் பிடிங்கய்யா!" என்று வரிசை கத்தியது. பிடிக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

குரு எதிர் கேலரியில் ஏறி மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்த நிமிஷம், தென்கரை கோல் போட்டது.

மேற்கு கேலரியிலிருந்து அருமைநாயகம் பார்த்தார். கலியபெருமாள் குருவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். நாலு பேர் குருவைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். யாரோ சுண்டல் பொட்டலத்தைக் குருவின் கையில் திணித்தார்கள். குரு சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

"என் சாமியையும் எடுத்துக்கிட்டான்" என்றார் அருமைநாயகம், யாரிடமும் இல்லாமல்.

ஒன்றுக்கு ஒன்று. அப்படியே விசில் ஊதிவிட்டார்கள்.

கேட்டருகே வடகரை அணியின் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. செயலாளர் கதவருகே காத்திருந்தார். தேவசகாயம் படியில் உட்கார்ந்து, கால் பிசகிய ஒரு பையனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது.

குரு கூட்டத்தோடு வந்தார். அருமைநாயகம் வழி மறித்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க சாமி! கையில இருந்த ஆட்டம்!"

"நான் எழுந்ததாலயா போச்சு?"

"வேற எதனால? அதுவரைக்கும் கோலை விட்டானா தேவசகாயம்? பதினஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தா ஜெயிச்சிருப்போம்!" வரிசையில் இருந்தவர்கள் பின்னால் நின்று தலையாட்டினார்கள். போஸ்ட்மேன் இரண்டு செருப்பும் போட்டிருந்தார்.

"நேரமாச்சுங்க" என்று செயலாளர் கையை நீட்டினார். "மனு?"

குரு தாளை வாங்கி ஒரு முறை படித்துப் பார்த்தார். பிறகு அருமைநாயகத்திடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஆட்டத்தைத் தொலைச்சது நான்னா, தேவசகாயம் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க."

அருமைநாயகம் ஆத்திரத்தோடு பேனாவைத் திறந்தார். தேவசகாயத்தின் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"பேரை மட்டும் மாத்தினாப் பத்தாது" என்றார் குரு. "கீழ ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்கீங்களே, அந்தக் குத்தத்தையும் மாத்தணும். 'பயப்படாம எழுந்து போனார்'னு எழுதுங்க."

பேனா தாளின் மேலேயே நின்றது. செயலாளர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.